திதிவரை தொடாத பேட்டரி

வெள்ளிக்கிழமை, நண்பகல், ஜார்ஜ்டவுன் ஃபெர்ரித் துறை: மறைந்த என் மகனின் டிரோன் இருந்த பையில் தீப்பிடித்தது. எவருக்கும் காயமில்லை.

வருஷத் திதிவரை அவன் பொருள்களைத் தொடுவதில்லை என்றிருந்தோம். முழுதும் சார்ஜ் ஏற்றிய பேட்டரி உள்ளேயே கிடந்து வீங்கியிருந்ததை அறியாமல், திதி முடிந்ததும் டிரோனை அக்கரையில் புக்கிட் மெர்தாஜாமிலுள்ள அவன் நண்பனுக்குக் கொடுக்க எடுத்துச் சென்றேன்.

“அப்பா, பேக் கொதிக்குது லா! கீழ போடுங்க!” என்றாள் மகள்.

புகை எழுந்தது. அவன் கடைசியாக எடுத்த படங்கள் டிரோனிலிருந்த மெமரி கார்டில் மட்டுமே இருந்தன. உள்ளே கைவிட்டேன். அவள் என்னைப் பிடித்து இழுத்தாள்.

“அண்ணன் போனது பத்தாதா? நான் உங்க பிள்ளை இல்லையா?”

கார்டும் எரிந்துபோயிற்று.

இப்போது எந்த கேமராவின் பேட்டரியையும் கழற்றித் தீத்தாங்கும் உறையில் வைக்கிறேன். படங்களுக்கு உடனே நகலெடுக்கிறேன். டிரோனுடன் பயணம் செய்வோருக்கு இவ்விரண்டும் இன்றியமையாதவை.

இன்னும் செய்யாதவை: வேறு பேட்டரி உண்டா என அவன் அலமாரியைச் சோதித்தல். நண்பனுக்குத் தெரிவித்தல். மகளுக்குப் பதில் சொல்லுதல்.