மடவையில் பெட்ரோல் வாடை

ரோஜாவின் மூக்கைப் பற்றி முதலில் சொல்லிவிட வேண்டும். இல்லாவிட்டால் அன்றைக்கு அவளுக்கு வந்த கோபம் யாருக்கும் புரியாது. பழவேற்காட்டு ஏரிக்கரையில் மீன் விற்கும் பெண்கள் எத்தனையோ பேர். ஆனால் கண்ணை மூடிக்கொண்டு முகர்ந்தே, இது விடியற்காலை ஏறிய மீனா, நேற்றைக்கு ஏறியதா, எத்தனை மணி நேரம் ஐஸில் கிடந்தது என்று சொல்லக்கூடியவள் அவள் ஒருத்திதான். ஏலம் விடுகிற ஆளுக்கே சந்தேகம் வந்தால் கூடையை அவள் பக்கம் நகர்த்துவான். அந்த மூக்கை வைத்துக்கொண்டு அவள் கொஞ்சம் மிதப்பாகத்தான் திரிந்தாள். திரியட்டுமே, யாருக்கு என்ன நஷ்டம்?

எட்டு வருஷமாக அவள் மோட்டார் சைக்கிளில் மீன் கொண்டுபோகிறாள். கணவன் செங்கல்வராயன் படகில் போகிறவன். அவனுடைய பழைய கியர் வண்டியைத்தான், புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு, ஒரே வாரத்தில் ஓட்டப் பழகினாள். பின்னால் ஐஸ் பெட்டியைக் கட்டினால் பொன்னேரி வழியாகக் கும்மிடிப்பூண்டி. சிப்காட்டில் வேலை செய்கிறவர்களின் குடும்பங்கள் இருக்கும் நாலு தெரு அவளுடையது. ஹாரன் சத்தம் கேட்டதும் பாத்திரத்தோடு இறங்கி வருவார்கள். பேரம் கூட அதிகம் கிடையாது, ரோஜா மீன் என்றால் ரோஜா மீன்.

அப்படிப்பட்ட தெருவில் ஒரு செவ்வாய்க்கிழமை ஈஸ்வரி வெறுங்கையோடு இறங்கி வந்தாள். இரும்பு ஆலையில் வேலை பார்ப்பவரின் மனைவி, முதல் மாடி, ஆரம்ப நாளிலிருந்து வாடிக்கை.

"ரோஜா, கோச்சிக்காத. சனிக்கெழம வாங்குன மடவ ஒரே பெட்ரோல் நாத்தம். கொழம்ப அப்படியே கொட்டிட்டேன்."

"இன்னாக்கா சொல்ற? எம் மீனா?"

"நான் மட்டும் இல்ல, எதுத்த ஊட்டு அருணாவும் அதான் சொல்றா. ஏரில மறுபடியும் எண்ண கலந்துடுச்சான்னு குரூப்ல எல்லாரும் கேட்டுக்கினு இருக்காங்க."

மறுபடியும் என்ற அந்த ஒரு சொல்லே ரோஜாவுக்குப் போதும். எண்ணூர்ப் பக்கம் வெள்ளத்தோடு எண்ணெய் வந்த வருஷத்தை அந்தக் கரையில் யாரும் மறக்கவில்லை. எந்தப் பக்கத்து மீன் என்று கூட ஒருவரும் கேட்கவில்லை அப்போது. மீன் என்றாலே மூக்கைப் பொத்திக்கொண்டார்கள். படகெல்லாம் கரையில் கவிழ்ந்து கிடந்தது. அந்தப் பேச்சு இன்னொரு தடவை கிளம்பினால் ரோஜா ஒருத்தியோடு போகாது, குப்பம் முழுக்க அடுப்பு அணையும்.

அங்கேயே பெட்டியைத் திறந்து, தலையை உள்ளே விட்டு முகர்ந்தாள். சுத்தமான மீன். "எம் மூக்கு சொல்லுதுக்கா, இதுல ஒண்ணும் இல்ல!" என்று கத்தினாள். தெருவில் ஒருத்தரும் வாங்கவில்லை.

போன பெட்டி அப்படியே திரும்பியது. பொன்னேரியில் அன்புசெல்வனின் மெக்கானிக் கடை வாசலில் வண்டியை நிறுத்தினாள். ஏரி கெட்டிருந்தால் ஐஸ் பெட்டியிலேயே அவளுக்குத் தெரிந்திருக்கும். பெட்ரோல் என்று ஒன்று அவள் கிட்டே இருப்பது இந்த வண்டியில் மட்டும்தான். "எங்கியோ ஒழுகுது. கண்டுபிடி" என்றாள்.

அன்புசெல்வன் பொறுமைசாலி. பெட்ரோல் பைப்பை மடக்கிப் பார்த்தான், கார்பரேட்டரைத் துடைத்தான், டேங்க் மூடியின் ரப்பரைத் தடவினான். கடைசியில் எல்லாவற்றையும் காயத் துடைத்துவிட்டு, டியூபுக்குப் போடுகிற வெள்ளைப் பவுடரை டேங்க்குக்கு அடியில் தூவினான். எங்கே கசிந்தாலும் பவுடரில் ஈரம் தெரிந்துவிடும். இன்ஜினை அரைமணி நேரம் ஓடவிட்டான். பவுடர் அப்படியே இருந்தது.

"யக்கா, வண்டி பக்காவா இருக்கு. நீ சும்மா பேஜாராவாத. உண்மையிலியே ஏரிலதான் இன்னாவோ..."

"ஏரிய பத்தி பேசுன, அந்த ஸ்பேனராலயே ஒண்ணு வைப்பேன்" என்றாள் ரோஜா.

ஸ்டூலில் உட்கார்ந்து யோசித்தாள். ஈஸ்வரி வாங்கியது மடவை. அருணாவும் மடவை. அதே சனிக்கிழமை, அதே பெட்டியிலிருந்து பக்கத்துத் தெரு ஆரோக்கியமேரி இறால் வாங்கினாளே, அவள் ஏன் ஒன்றும் சொல்லவில்லை? உடனே போன் போட்டாள்.

"எறாலா? சோக்கா இருந்துச்சு ரோஜா. ஏன், நாளைக்கு வெச்சிருக்கியா?"

போனை வைத்துவிட்டுத் தன் கையையே பார்த்தாள். இறாலைத் தட்டால் அள்ளித் தராசில் கொட்டுவாள். மடவையை அப்படியில்லை, வலது கையில் தராசைப் பிடித்துக்கொண்டு இடது கையால் ஒவ்வொன்றாக எடுத்துப் போடுவாள்.

"இரு" என்று எழுந்தாள். வண்டியில் ஏறி உட்கார்ந்தாள். தெருவில் போய் நின்றால் என்ன செய்வாளோ அதை அப்படியே செய்தாள். சாவியைத் திருப்பினாள். ஸ்டாண்டைப் போட்டாள். இடது கையை டேங்க்குக்கு அடியில் விட்டு, பெட்ரோலை நிறுத்துகிற குட்டித் திருகை, 'காக்' என்பார்களே அதை, மூடினாள்.

அந்தக் குட்டித் திருகின் பின்னால், வெள்ளைப் பவுடரில், நெத்திலிக் கண் அளவுக்கு ஓர் ஈரம் பூத்தது. திரும்பத் திறந்து மூடினாள். ஈரம் வட்டமாகப் பரவியது.

அன்புசெல்வன் குனிந்து பார்த்துவிட்டு, "கைய காட்டுக்கா" என்றான். முகர்ந்தான். "அடப்பாவமே! குப்புன்னு அடிக்குது. யாருக்கா இப்பல்லாம் எறங்குற எடத்துலலாம் காக்க மூடறாங்க?"

படகுக்காரன் வீட்டில் மூடுவார்கள். இன்ஜினை அணைத்தால் எண்ணெய்க் குழாயை மூடு என்பது அங்கே வழக்கம். செங்கல்வராயன் படகில் செய்வதைத்தான் இவள் வண்டியில் செய்தாள், ஒரு நாளைக்கு இருபது தடவை, எட்டு வருஷமாக. உள்ளே இருந்த ரப்பர் வாஷர் தேய்ந்து போய், திருகும்போது மட்டும் சொட்டுக்கும் குறைவாகக் கசிந்து, அவள் விரலை நனைத்து, அடுத்த நொடியே காய்ந்து, வாடையை மட்டும் விட்டுப்போயிருக்கிறது. கடை வாசலில் வந்து நின்ற கோபத்தில் அவள் அதை மூடவில்லை, மெக்கானிக்கும் அந்தத் திருகைத் தொடவே இல்லை, எப்படித் தெரியும்? ஆனால் ஏலக்காரனே நம்புகிற மூக்குக்கு தினம் பழகிய சொந்தக் கை வாடை தெரியாமல் போயிற்றே! ரோஜாவுக்கு அழுகை வந்தது, சிரிப்பும் வந்தது.

அன்புசெல்வன் பெட்ரோலைக் கேனில் இறக்கி, இரண்டு ஸ்க்ரூவைக் கழற்றி, எலி கடித்தது மாதிரி இருந்த வாஷரை எடுத்துப்போட்டுப் புதிதை மாட்டினான். ரோஜா சும்மா விடவில்லை. மறுபடி பவுடரைத் தூவச் சொல்லி, ஐம்பது தடவை திறந்து ஐம்பது தடவை மூடினாள். பொட்டு ஈரம் இல்லை.

"நீ மெக்கானிக்கா போயிருக்கலாம்க்கா."

"மீனு யாரு விப்பாங்க, உங்கொப்பனா?" என்றாள். நெஞ்சு நிறைந்திருந்தது. ஆளுக்கு ஆள் ஏரியைச் சொன்னார்கள், அவள் ஒருத்தி நம்பவில்லை, அவள்தான் கண்டுபிடித்தாள்.

வீட்டில் செங்கல்வராயன் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு நிதானமாகச் சொன்னான்: "யார்கிட்டயும் மூச்சு வுடாத. நாளையிலேந்து நாத்தம் இருக்காது. அவங்களே மறந்துடுவாங்க. உங் கையிதான்னு தெரிஞ்சா அப்புறம் யாரு வாங்குவாங்க?"

அதுவும் சரிதான் என்று பட்டது. சோற்றைப் போட உட்கார்ந்தபோது வாசலில் பூவம்மாள் வந்து நின்றாள். மீஞ்சூரில் தலைச்சுமையாக விற்கிறவள், உறவில் ரோஜாவுக்கு அத்தை. கூடை நிறைய மீன் அப்படியே இருந்தது.

"ஒண்ணு கூட போவலடி. ஏரில எண்ண கலந்துகிச்சாம், போன்ல வந்துச்சாம். கும்முடிபூண்டிலேந்து சேதியாம். காலைலேந்து சுத்துறேன், கால்தான் வலிக்குது."

ரோஜா செங்கல்வராயனைப் பார்த்தாள். அவன் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தான். கையைக் கழுவிக்கொண்டு எழுந்த ரோஜா, பூவம்மாளின் கூடையை இறக்கி, அதன் மேல் இருந்த ஐஸை எல்லாம் புதிதாக மாற்றி வைத்தாள். "நாளைக்குப் போ அத்த. வாங்குவாங்க" என்று மட்டும் சொன்னாள்.

மறுநாள் காலையில் ஹாரன் அடித்துப் பார்த்தாள். ஒருத்தரும் இறங்கவில்லை. மாடியேறி ஈஸ்வரி வீட்டுக் கதவைத் தட்டினாள்.

"அக்கா, உங்க குரூப்ல பேசி அனுப்புவீங்களே, அத அமுக்கு. நான் பேசணும்."

ஈஸ்வரி ஒன்றும் புரியாமல் போனை எடுத்து, விரலால் அமுக்கிப் பிடித்து, அவள் வாய்ப்பக்கம் நீட்டினாள்.

"நான் ரோஜா, மீன்காரி. சனிக்கெழம மடவைல வந்த நாத்தம் என் வண்டி பெட்ரோலு. காக்கு ஒழுகி, அந்தக் கையாலயே மீன எடுத்துக் குடுத்துட்டேன். தப்பு என்னுது. ஏரில ஒண்ணும் கலக்கல. வண்டிய சரி பண்ணிட்டேன்."

"அய்யய்யோ, ரோஜா!" ஈஸ்வரி பதறிப்போனாள். "இன்னா நீ, யோசிக்காம பேசற! இத கேட்டா உங் கையால இனிமே யாரு மீன் வாங்குவா? எதுனா வேற மாதிரி சொல்லக்கூடாதா?"

"என்ன இன்னா வேணா சொல்லட்டும்க்கா. நாளைக்கு நானே வந்து நின்னு பதில் சொல்லிக்குவேன். எனக்கு வாய் இருக்குது. ஏரி வந்து உங்க தெருவுல பேசுமா?"

ஈஸ்வரி போனிலிருந்து விரலை எடுத்தாள். எடுத்த பிறகுதான் இரண்டு பேருக்கும் உறைத்தது, இவ்வளவு நேரமும் அவள் விரல் அமுக்கியபடியே இருந்திருக்கிறது. பேசியது பூராவும் ஒரு வார்த்தை விடாமல் நூற்று இருபது வீட்டுக்குப் போய்விட்டது.

"அழிச்சிடட்டுமா?" என்றாள் ஈஸ்வரி.

"வேணாம். மீஞ்சூர்ல உனக்கு யாருனா இருந்தா அங்கயும் அனுப்பு."

"எங்க அண்ணி இருக்காங்க" என்று ஈஸ்வரி அனுப்பினாள். கண்ணைத் துடைத்துக்கொண்டுதான் அனுப்பினாள்.

ரோஜா கீழே இறங்கி வந்தபோது வண்டிக்குப் பக்கத்தில் அருணா பாத்திரத்தோடு நின்றிருந்தாள். பின்னால் இன்னும் நாலைந்து பேர்.

"எந்தக் கை, காட்டு" என்றாள் அருணா.

ரோஜா நீட்டினாள். அருணா எல்லார் முன்னாலும் அந்தக் கையைப் பிடித்து மூக்குக்குக் கொண்டுபோய், ஆற அமர முகர்ந்தாள்.

"மீன் நாத்தம்தான் அடிக்குது."

"பின்ன, மீன்காரி கையில மல்லிப்பூவா மணக்கும்?" என்றாள் ரோஜா, பெட்டியைத் திறந்துகொண்டே. "எத்தன கிலோ?"