நூறில் நிற்கிற முள்

நடுவிரலை மடக்கி, அதன் கணுவால் செல்போன் கண்ணாடியில் இரண்டு தட்டு தட்டுகிறார் கோதண்டபாணி அண்ணன். மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்க்கிறார். பச்சை எழுத்தில் நூறு என்று காட்டுகிறது. மறுபடி இரண்டு தட்டு. அப்போதும் நூறுதான்.

"ஒண்ணரை மணிக்கும் நூறு, ரெண்டரைக்கும் நூறு. இன்னாம்மா கிறிஸ்டினா இது, முள்ளு ஒட்டிக்கிச்சா?" என்று நடுச்சுவருக்கு மேலே தலையை நீட்டி என்னைக் கேட்கிறார். தைத்துக்கொண்டிருக்கும் ஷூ தோலில் ஊசியைச் செருகி வைத்துவிட்டு நானும் எட்டிப் பார்க்கிறேன். செல்போனில் முள் ஏது? வீட்டுச் சோலார் பேட்டரி நிரம்பிவிட்டது என்று அர்த்தம், அவ்வளவுதான். சொன்னால் அவர் மனசு கேட்காது. ஒரு தடவை இப்படித் தட்டியதில் மகளுக்கு போன் போய்விட்டது. அந்தப் பிள்ளை ஆம்பூரில் கம்பெனி மீட்டிங்கிலிருந்து பதறி எழுந்து ஓடி வந்ததுதான் மிச்சம்.

அண்ணன் முப்பத்தோரு வருஷம் மேல்விஷாரத்தில் தோல் பதனிடுகிற ஒரு ஷாப்பில் பாய்லர் பார்த்தவர். நெருப்புப் பக்கம் நின்ற வலது கன்னம் இடது கன்னத்தைவிடக் கறுப்பு. வலது புருவத்தில் கருகிய முடி திரும்ப முளைக்கவே இல்லை. வேலையை விட்டு ஏழு வருஷமாகியும் தோளில் பழந்துணி ஒன்று கிடக்கிறது. மணிக்கு ஒரு தடவை பாய்லர் மீட்டரின் முள்ளைப் பார்த்து நோட்டில் எழுதுகிற பழக்கமும் அவரை விடவில்லை. அன்றைக்கு ஆவியின் அழுத்தத்தை எழுதினார், இன்றைக்கு பேட்டரி எத்தனை பர்சென்ட் என்று எழுதுகிறார்.

எழுதுவதற்குக் காரணம் உள்ளே கட்டிலில் படுத்திருக்கிறது. அவர் சம்சாரம் ரங்கம்மாள் அண்ணி அதே ஷாப்பில் தோல் தேய்க்கிற பிரிவில் இருபது வருஷம் தூளுக்குள் நின்றவர். இப்போது நுரையீரல் சுருங்கிப்போய், மூக்கில் குழாயோடு இருக்கிறார். தலைமாட்டில் ஆக்சிஜன் மெஷின் புஸ், டக், புஸ், டக் என்று நாள் முழுக்க ஓடுகிறது. கரண்ட் நின்றால் அது நிற்கும். அது நின்றால் அண்ணியின் உதடு நீலமாகிவிடும்.

அதனால்தான் மகள் ஹேமலதா மாடியில் சோலார் பலகை போட்டு, ஹாலில் பேட்டரியை மாட்டினாள். விறகுப் புகை அண்ணிக்கு ஆகாது, பச்சைத் தண்ணீரும் ஆகாது என்று வெந்நீருக்கு ஹீட் பம்ப் ஒன்றும் வைத்தாள். வெளிக்காற்றில் இருக்கிற சூட்டை இழுத்துத் தண்ணீரில் விடுமாம் அது.

மாட்ட வந்த வாலாஜாபேட்டை ஒவைஸ் இன்ஜினியரை அண்ணன் லேசில் விடவில்லை. ஹீட் பம்ப்பைச் சுற்றிச்சுற்றி வந்தார்.

"நெருப்பு எங்க?"

"நெருப்பு இல்ல சார்."

"நெருப்பில்லாம எப்படிப்பா தண்ணி காயும்? சேஃப்டி வால்வாச்சும் இருக்குதா, அதுவும் இல்லையா?"

ஒவைஸ் அதைக் காட்டினார். அண்ணன் குனிந்து அதைத் தொட்டுப் பார்த்த பிறகுதான் டீ வந்தது. பேட்டரியையும் நம்பவில்லை. போகும்போதும் வரும்போதும் புறங்கையை அதன்மேல் வைத்துச் சூடு பார்ப்பார். அதே புறங்கையை அண்ணியின் மூக்கருகே கொண்டுபோய் மூச்சும் பார்ப்பார். "நானும் உனக்கு ஒரு பாய்லரா?" என்று அண்ணி குழாய்க்குள்ளிருந்து திட்டுவார்.

நகராத முள்ளைக் கண்டால் அவருக்கு ஏன் இத்தனை பயம் என்று நான் கேட்டதில்லை. ஒரு நாள் அவராகவே சொன்னார்.

"ரஃபி அகமது எனக்கு ஜோடி ஆளும்மா, தோஸ்து. அன்னிக்கு முள்ளு ஏழுல நின்னுது. ஏழுன்னு எழுதினேன். அடுத்த மணிக்கும் ஏழு. அதுக்கடுத்த மணிக்கும் ஏழு. நல்லா ஓடுதுன்னு டீ குடிக்கப் போய்ட்டேன். முள்ளு ஒட்டிக்கினு இருந்திருக்குது. உள்ள ஆவி ஜாஸ்தியாகிப் பைப்பு பிடுங்கிக்கிச்சு."

ரஃபி அகமது பன்னிரண்டு நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தாராம். பதிமூன்றாம் நாள் அடக்கம்.

"ஒரு தட்டு தட்டியிருந்தா முள்ளு எகிறியிருக்கும்மா. ஒரே ஒரு தட்டு." விரல் கணுவைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

வெயில் அடிக்கிற நேரத்தில் நூறு குறையவே குறையாது. எதை ஓட்டினாலும் மாடிப் பலகையே கொடுத்துவிடும். அதனால் அண்ணன் ஒரு வழி கண்டுபிடித்து வைத்திருந்தார். வெளியிலிருந்து கரண்ட் வருகிற மெயினை அணைப்பார். மாடிப்படிச் சுவரில் இருக்கிற பலகை சுவிட்சையும் கீழே இறக்குவார். பிறகு ஹீட் பம்ப்பை ஓடவிடுவார். இப்போது பாரம் முழுக்க பேட்டரி மேல். தொண்ணூற்றொன்பது ஆகும். தொண்ணூற்றெட்டு ஆகும். "ஓடுதும்மா, உசுரோட இருக்குது" என்று எனக்குக் குரல் கொடுத்துவிட்டு இரண்டு சுவிட்சையும் மேலே தள்ளுவார். இது எனக்கும் அண்ணிக்கும் மட்டும் தெரியும். மகளிடம் சொல்லக் கூடாது என்று கேட்டுக்கொண்டார். நானும் சொல்லவில்லை. அது என் பிழை, ஆண்டவர் மன்னிக்கட்டும்.

இந்தக் கார்த்திகையில் ஒரு திங்கட்கிழமை காலை ஏழு மணிக்குப் பெருமழையில் கரண்ட் போனது. ஆற்காட்டுப் பக்கம் மரம் விழுந்து கம்பி அறுந்திருக்கிறது, சாயங்காலம் ஆகும் என்றார்கள். அப்போது பேட்டரி தொண்ணூற்றாறு. வழக்கம்போல ஏழரைக்கு ஹீட் பம்ப் தானே ஓட ஆரம்பித்திருக்கிறது. அதைக் கவனித்து நிறுத்துவதற்குள் அறுபத்துநாலு ஆகிவிட்டது.

நான் போனபோது ஃபிரிட்ஜ், ஃபேன், விளக்கு எல்லாவற்றையும் அணைத்துவிட்டு, பாய்லர் முன்னால் உட்காருகிற மாதிரி முக்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். ஒன்பது மணிக்கு அறுபது. பத்துக்கு ஐம்பத்துமூன்று. பதினொன்றுக்கு நாற்பத்தைந்து. ஒவ்வொரு தடவையும் எழுதினார். எழுத்து வரவரக் கோணிக்கொண்டு போனது. அலமாரியோரம் ஒரு குட்டி சிலிண்டர் உண்டு, ஒன்றரை மணி நேரம் தாங்கும். அதற்கு மேல் எதுவும் இல்லை. ஆம்புலன்ஸுக்கு போன் போட்டால், ரோட்டில் தண்ணீர் நிற்கிறது, வர நேரமாகும் என்றார்கள்.

நான் அண்ணியின் பாதத்தைப் பிடித்துக்கொண்டு ஜெபம் பண்ணினேன். என் உதடு அசைவதை அண்ணி பார்த்துவிட்டார். "கிறிஸ்டினா, ஆண்டவர்கிட்ட ரெண்டு கேக்காத. மழய வுட்டுடு. கரண்ட மட்டும் கேளு" என்றார். சொல்லி முடிப்பதற்குள் மூன்று தடவை மூச்சு வாங்கியது.

பன்னிரண்டுக்கு முப்பத்தெட்டு. ஒரு மணிக்கு முப்பத்தொன்று. அண்ணன் கணுவால் தட்டினார். முள் ஒட்டியிருக்கவேண்டும் என்று அன்றைக்குத்தான் அவர் ஆசைப்பட்டிருப்பார். அது ஒட்டவில்லை. முப்பதானது.

அப்போதுதான் மகளின் போன் வந்தது. சாப்பாட்டு நேரத்தில் அவளும் தன் செல்லில் வீட்டைப் பார்த்திருக்கிறாள்.

"அப்பா, மாடியில இருந்து வர்றது சைபர்னு காட்டுது."

"மழம்மா. சூரியன் எங்க இருக்குது?"

"மழையா இருந்தாலும் சைபர் வராதுப்பா. பகல்ல கொஞ்சமாச்சும் வரும். காலையில இருந்தே சைபர்."

பேட்டரிக் கணக்கு ஒன்றைத்தான் அண்ணன் காலையிலிருந்து பார்த்திருந்தார். ஒரு பாய்லருக்கு ஒரு முள் என்று பழகிய கண். போனை என் கையில் திணித்துவிட்டு மாடிப்படிக்கு ஓடினார். நானும் பின்னாலேயே போனேன். பலகை சுவிட்சின் கைப்பிடி கீழ்நோக்கித் தொங்கிக்கொண்டிருந்தது.

"நேத்து ரெண்டையும் அணைச்சுப் பாத்தேம்மா. அதுக்குள்ள இவ இருமினா. ஓடியாந்தேன். மெயினப் போட்டேன். இத்தப் போடல." இரண்டு கையாலும் சேர்த்துக் கைப்பிடியை மேலே தள்ளினார்.

மழைமூட்டத்துக்குள்ளும் பலகை ஏதோ கொடுத்தது. நூற்றெண்பது, முந்நூறு, நானூறு வாட். ஆக்சிஜன் மெஷின் தின்பதும் கிட்டத்தட்ட அவ்வளவுதான் என்று ஹேமலதா போனில் சொன்னாள். அப்பாவைத் திட்டவில்லை. அழுகிற மாதிரி மூக்கை உறிஞ்சிவிட்டு, "நம்பர் அப்படியே நிக்கும்பா, நிக்கட்டும், எதையும் தொடாத" என்றாள்.

கரண்ட் வந்தது நாலு மணிக்குத்தான். அதுவரை பேட்டரி முப்பதில் நின்றது. இரண்டு மணிக்கும் முப்பது. இரண்டரைக்கும் முப்பது. எந்த நகராத முள்ளுக்குப் பயந்து இத்தனை வருஷம் வாழ்ந்தாரோ, அது அன்றைக்கு நகராமல் இருந்தால்தான் அண்ணிக்கு மூச்சு. மடக்கிய நடுவிரலோடு அவர் கை செல்போன் வரைக்கும் போகும். கண்ணாடியைத் தொடாமல் திரும்பி வந்து மடியில் விழும். நோட்டில் மூன்றாவது முறையாக முப்பது என்று எழுதப் போனவர், எழுத முடியாமல் பேனாவைக் கீழே வைத்துவிட்டார்.

எழுந்து கட்டிலருகே போனார். காலையிலிருந்து விழித்துக் கிடந்த களைப்பில் அண்ணி கண்ணை மூடி அசையாமல் படுத்திருந்தார். போர்வை ஏறி இறங்குகிறதா என்று எனக்கே தெரியவில்லை. புறங்கையை மூக்கருகே கொண்டுபோகக்கூட அண்ணனுக்குத் துணிவு வரவில்லை. கையைத் தூக்கியபடியே நின்றார். புஸ், டக் என்று மெஷின் சத்தம் மட்டும் கேட்டது.

கண்ணைத் திறக்காமலே, போர்வைக்குள்ளிருந்து ஒரு கையை வெளியே எடுத்தார் ரங்கம்மாள் அண்ணி. நடுவிரலை மடக்கி, கட்டிலின் இரும்புக் கம்பியில், கணுவால் இரண்டு தட்டு தட்டினார்.