பெயரின் மேல் கறுப்பு டேப்

தேவராஜனின் மனைவி மல்லிகாவின் போன் வந்தபோது நான் கே.கே. நகர் வீட்டில் அவரைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தேன். "அக்கா, அவர் போயிட்டாருக்கா" என்றாள். அடுப்பை அணைத்துவிட்டு ஸ்ரீரங்கத்தில் அவர்கள் வீட்டுக்கு ஓடினேன். ஓயாமரி சுடுகாட்டுக்குப் பெண்கள் வரும் வழக்கமில்லை என்று தேவராஜனின் அண்ணன் சொன்னார். வாதாட எனக்குத் தெம்பில்லை. தில்லை நகருக்குப் போய் எங்கள் கடையைத் திறந்து, தேவராஜனின் ஸ்டூலுக்கு எதிரே உட்கார்ந்தேன். கொஞ்ச நேரத்தில் ஒரு விற்பனைப் பிரதிநிதி போனில் கூப்பிட்டார். "மேடம், புது ஸ்கோப் வந்திருக்கு. பெரிய பிராண்டு, ஆஃபர் போகுது. சாரைக் கூப்பிடுங்களேன்." சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. சார் வெளியில் போயிருக்கிறார் என்று சொல்லி வைத்துவிட்டேன்.

நம் சிறுதொழில் சங்கத்தில் அவரைத் தெரியாதவர்கள் குறைவு. புதிதாகச் சேர்ந்தவர்களுக்காகச் சொல்கிறேன்: தேவராஜனும் நானும் தொழில் கூட்டாளிகள். ஆலைகளில் பழுதாகும் எலக்ட்ரானிக் போர்டுகளைச் சரிசெய்து கொடுப்பது எங்கள் வேலை. அவருக்குப் பழுது பார்க்கும் மேஜை, எனக்கு வாடிக்கையாளர்கள், கொள்முதல், வரி, சண்டை. சண்டையில் பெரும்பகுதி அவரோடுதான். அதுவும் ஒரே விஷயத்துக்காக: மீட்டரோ, மின் அலையைத் திரையில் வரைந்து காட்டும் ஸ்கோப்போ வாங்கும்போது கம்பெனியின் பெயரைப் பார்ப்பதா, கொடுக்கிற காசுக்கு என்ன கிடைக்கிறது என்று பார்ப்பதா. வருஷக்கணக்காக அதையே பேசினோம். நினைத்தால் இப்போதும் அலுப்பாக இருக்கிறது.

எந்த மீட்டர் வந்தாலும் பெட்டியைப் பிரித்தவுடன் அதன் கம்பெனிப் பெயரின் மேல் கறுப்பு டேப்பை ஒட்டிவிடுவார். விலை உயர்ந்ததற்கும் ஒட்டுவார், மலிவானதற்கும் ஒட்டுவார். "பேரு கண்ணுல பட்டா கை அதைத்தான் எடுக்கும் மேடம். சரியா காட்டுதான்னு கேக்கவே தோணாது" என்பார். சனிக்கிழமை காலையில் எல்லா மீட்டர்களையும் வரிசையாக வைத்து, ஒரே வோல்டேஜைக் கொடுத்து, எது பிசகுகிறது என்று பார்ப்பார். பிசகியது எவ்வளவு பெரிய இடத்துப் பிள்ளையாக இருந்தாலும் ஓரமாகப் போய் உட்காரவேண்டியதுதான்.

எங்கள் வாடகையும் சாப்பாடும் ஒரு பெரிய ஆலையின் வேலையை நம்பித்தான் இருந்தன. அங்கே புதிதாக வந்த இன்ஜினியர் ஒருநாள் கடையைப் பார்க்க வந்தார். மேஜையைப் பார்த்தார். "ஏன் சார் பேரையெல்லாம் மறைச்சு வச்சிருக்கீங்க? திருட்டு மாலா?" என்றார். தேவராஜன் சாவகாசமாகத் தன் டேப் கொள்கையை விளக்க ஆரம்பித்தார். போதும் என்று நான் மேஜைக்கடியில் அவர் காலை மிதித்தேன். "ஏன் மேடம் மிதிக்கிறீங்க?" என்று அதையும் உரக்கக் கேட்டார். கடவுளே! அதோடு அந்த ஆலையிலிருந்து போர்டு வருவது நின்றது. நான் போய் விசாரித்தபோது, பெயர் தெரிந்த ஸ்கோப் ஒன்று இருந்தால்தான் எங்கள் சோதனை ரிப்போர்ட்டை ஏற்கமுடியும் என்றார்கள்.

"அந்தக் காசுக்கு நாலு ஸ்கோப் வாங்கலாம்" என்றார் தேவராஜன்.

"நாலை வச்சு என்ன சார் பண்றது, போர்டே வரலையே!"

"பேருக்குக் கொடுக்கிற காசு உண்டியல்ல போடற மாதிரி மேடம். போட்டவனுக்கு ஒரு நிம்மதி, அவ்வளவுதான்."

"அந்த நிம்மதியைத்தான் அவங்க கேக்கறாங்க. வாங்கிக் கொடுத்துட்டுப் போவோமே."

கடன் போட்டு வாங்கினோம். வாசலைப் பார்க்க வைத்தோம். அதற்கு மட்டும் டேப் ஒட்டக்கூடாது என்று சத்தியம் வாங்கிக்கொண்டேன். இன்ஜினியர் மறுபடி வந்தபோது, தேவராஜன் ஒரே போர்டைப் புது ஸ்கோப்பிலும் தன் பழைய மலிவு ஸ்கோப்பிலும் மாட்டிக் காட்டினார். இரண்டு திரையிலும் ஒரே அலை. "பாத்தீங்களா தம்பி, ரெண்டும் ஒண்ணுதான்!" அவர் முகத்தைப் பார்க்கவேண்டுமே.

"ஒண்ணுதான் சார், ஒத்துக்கறேன்" என்றார் இன்ஜினியர். "ஆனா நாளைக்கு ஏதாவது ஆச்சுன்னா எங்க மேனேஜர் என்னைத்தான் கேப்பாரு. இந்தப் பேரைச் சொன்னா விட்டுடுவாரு." புது ஸ்கோப்பின் திரையைப் போட்டோ எடுத்துக்கொண்டு கையெழுத்துப் போட்டார். அவர் போனபின் தேவராஜன் இரண்டு ஸ்கோப்பையும் அணைத்தார். பிறகு, "பாவம், அவனுக்கும் பயம்" என்றார்.

நியாயமாக இதையும் சொல்லிவிடுகிறேன். அந்தப் பெரிய பெயர்க்காரனின் ஸ்கோப் மேஜையிலிருந்து விழுந்தும் பிழைத்தது. பழுது பார்க்கக் கூப்பிட்டதும் ஆள் வந்தார். மலிவில் வாங்கிய ஒன்று செத்தபோது, விற்றவனின் போனும் சேர்ந்தே செத்திருந்தது. தேவராஜன் அதை ஒப்புக்கொண்டார். ஒப்புக்கொண்டு, மறுபடியும் மலிவானதையே வாங்கினார். அவரோடு தொழில் செய்வது அப்படித்தான்.

சமீபத்தில் நெஞ்சுவலி என்று அவரை ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். நான் போனது பிற்பகல். சாப்பிட்டு வரும்படி மல்லிகாவை அனுப்பினேன். "ராத்திரியெல்லாம் கண்ணே மூடலைக்கா, அந்த மெஷினையே பாத்துட்டிருக்காரு" என்று சொல்லிவிட்டுப் போனாள். தலைமாட்டில் இருந்த மானிட்டர் அவருடைய நாடித்துடிப்பைக் காட்டிக்கொண்டிருந்தது. என்னைக் கையசைத்துக் கூப்பிட்டார்.

"மேடம், அது என்ன கம்பெனி? பாருங்களேன்."

தேவராஜன் கேட்கிறார், என்ன கம்பெனி என்று. கிண்டல் செய்ய நல்ல சந்தர்ப்பம். வாயைத் திறந்தால் அழுதுவிடுவேன் போலிருந்தது. கட்டிலைச் சுற்றிப் போய்ப் பார்த்தேன். என் கொள்முதல் அனுபவத்தில் கேள்விப்பட்டிராத ஏதோ ஒரு பெயர்.

"ஜெர்மன் சார். ரொம்பப் பெரிய கம்பெனி."

"அப்ப சரி" என்றார். கண்ணை மூடினார். சின்னக் குறட்டை கேட்டது. அதுதான் அவர் என்னிடம் கடைசியாகப் பேசியது.

எனக்கு அந்த மெஷின் மேல் நம்பிக்கை வரவில்லை. அவர் மணிக்கட்டைப் பிடித்து, என் வாட்ச்சைப் பார்த்து, நாடியை எண்ணினேன். திரையோடு ஒத்துப்பார்த்தேன். சந்தேகம் தீராமல் திரும்ப எண்ணினேன். பெயர் தெரியாத அந்த மெஷின் சரியாகத்தான் காட்டியது. எழுப்பிச் சொல்லியிருந்தால் துள்ளியிருப்பார், "நான் சொல்லலை?" என்று. தூங்கட்டும் என்று விட்டுவிட்டேன். மல்லிகா வந்து தோளைத் தொடும்வரை எண்ணிக்கொண்டே இருந்தேன். இத்தனை வருஷக் கூட்டில் எனக்கென்று மிஞ்சியது அந்த மணிக்கட்டின் சூடு.