அம்மாவின் பெயரும் எங்கள் கண்களும்

எங்கள் அம்மா இறைவனிடம் போய் ஓராண்டு நிறைகிற இந்த நாளில், அவர்களுடைய பெயரைப் பற்றி எழுத வேண்டியிருக்கிறது. அந்தப் பெயரை நம்பி எங்கள் வீட்டில் ஒரு கேடு நடந்துவிட்டது. அது இன்னும் முடிந்தபாடில்லை.

அம்மா காரமடையில் பிறந்தவர்கள். ஞானஸ்நானத்தில் பிள்ளையை ஏந்தும் ஞானத்தாயின் பெயரையே அதற்கு வைப்பது எங்கள் குடும்ப வழக்கம். அம்மாவுக்கு ஞானத்தாய் அவர்களுடைய அத்தை. அத்தைக்குக் கோவை மடத்துப் பிரெஞ்சுக் கன்னியர் ஒருவர் வைத்த பெயர் செசீல். அதுவே அம்மாவுக்கும் வந்தது. அத்தை எனக்கும் ஞானத்தாயானார்; அப்போது அவருக்குப் பார்வை இல்லை, கையைப் பிடித்துத்தான் பீடத்துக்கு அழைத்துப் போனார்களாம். ஊர் வாயில் நாங்கள் மூவரும் செசிலி. தங்கை பிறப்பதற்குள் அத்தை இறந்துவிட்டதால், அவளுக்கு வேறொரு ஞானத்தாய், வேறொரு பெயர்: ஸ்டெல்லா.

அம்மா வாழ்க்கைப்பட்டது சோமனூரில். அப்பா சீக்கிரமே போய்விட, விசைத்தறிகளை அம்மாவே நடத்தினார்கள். தறி நின்ற மாதங்களிலும் வேலைக்கு வந்தவர்களைப் பட்டினியாக அனுப்பியதில்லை. தூரத்திலிருந்தே துணியில் பழுது கண்டுபிடிக்கும் அம்மாவுக்கு, ஒரு கட்டத்தில் கையில் விரித்துக் கொடுத்தாலும் தெரியவில்லை. தட்டில் இடப்பக்கச் சோறு அப்படியே மிஞ்சியது. வலி இல்லாததால் நாங்கள் கவலைப்படவில்லை. டாக்டரிடம் போனபோது கண் நரம்பு வாடிவிட்டிருந்தது.

அந்த நாட்களில், பிரெஞ்சு படித்த சிஸ்டர் ஒருவர் வீட்டுக்கு வந்தார். அம்மாவின் பெயரைக் கேட்டுத் தயங்கினார்.

"ஏனுங்க சிஸ்டர், எம்பட பேருக்கு என்னங்க அர்த்தம்?"

"அது பழைய ரோமாபுரிக் குடும்பப் பேருங்கம்மா. லத்தீன்ல குருடுங்கற சொல்லுல இருந்து வந்தது. பேருதானுங்க, மனசுல வெச்சுக்காதீங்க."

அம்மா மனதில் வைத்துக்கொண்டார்கள். "சின்னவ தப்பிச்சுட்டா. நீ பத்திரமா இரு அம்மணி" என்று என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார்கள்.

அந்தப் பயத்தில் நான் ஆண்டுதோறும் கண்ணைச் சோதித்துக்கொண்டேன். டாக்டர் கண் அழுத்தம் இருப்பதைக் கண்டுபிடித்து, சொட்டு மருந்து கொடுத்தார். இன்றும் எனக்குப் பார்வை இருக்கிறது. தங்கையையும் சோதனைக்கு எத்தனையோ முறை கூப்பிட்டேன்.

"எனக்கு எதுக்குங்கக்கா? எம்பட பேரு ஸ்டெல்லாதானுங்க" என்று சிரிப்பாள். வீடே சேர்ந்து சிரித்தது.

போன ஆண்டு, இடப்பக்கம் வந்த பஸ் தெரியாமல் சாலையைக் கடந்தாள். மயிரிழையில் உயிர் தப்பியது. சோதித்த டாக்டர், "இது கண் அழுத்தம், பரம்பரையா வர்ற நோய்ங்க. இவ்வளவு நாள் ஏன் வரல?" என்று கோபப்பட்டார். பாவம் ஓரிடம், பழி ஓரிடம் என்பார்கள். பழியைப் பெயர் சுமந்தது. நோய் எங்கள் ரத்தத்தில் இருந்தது.

படுக்கையில் இருந்த அம்மாவிடம் மறைக்க முடியவில்லை. "பேர உட்டா நோயும் உட்டுரும்னு நெனச்சுப்போட்டனே கண்ணு" என்று சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார்கள். அந்த வாரமே போய்விட்டார்கள்.

அம்மாவைத் தூக்கிச் சுமந்த அண்டை வீட்டாருக்கும், கல்லறையை மந்திரித்து ஜெபித்த பங்குத்தந்தைக்கும், தறிக்காரர்களுக்கும் எங்கள் நன்றி என்றும் உண்டு. சொந்தங்களிடம் ஒரே வேண்டுகோள். மாலை வேண்டாம். இன்று நினைவு விருந்து நடக்கும் மண்டபத்தின் பின்னறையில் கண் டாக்டர் உட்கார்ந்திருக்கிறார். பந்திக்குப் போகும் முன் பிள்ளைகளோடு அவரைப் பார்த்துவிடுங்கள். அறை வாசலில் தங்கை நிற்பாள். பக்கவாட்டில் வருபவர்கள் அவள் கண்ணுக்குத் தெரிய மாட்டார்கள். நேராக எதிரில் போய் நின்று, யாரென்று சொல்லுங்கள்.