அக்கா மூன்று முறை எழுதிய வரி

அச்சகத்தில் அவருக்குச் 'சிவப்பு மை' என்று பெயர். முப்பது வருடமாக மெய்ப்பு பார்த்துப் பிழை திருத்துகிறார். நல்லவர் என்று சொல்லத் தயங்குவேன். கவனமானவர், அது வேறு. தட்டச்சு செய்பவர்கள் ஒரே வரியை இரண்டு முறை அடித்துவிடுவது உண்டு. இரண்டாவதைக் கண்டதும் அவர் கை தானாகக் கோடு போட்டுவிடும்.

அவரும் சரி, அவருடைய அக்காவும் சரி, கல்யாணமே செய்துகொள்ளவில்லை; உடன்பிறந்த இருவரும் இரண்டு அறை வீட்டில் சேர்ந்தே இருந்தார்கள். அக்கா போன வருடம் இறந்துபோனாள். அவள் உட்கார்ந்த நாற்காலியில் இப்போது செய்தித்தாள்கள் கிடக்கின்றன.

ஞாயிறு காலை, தபால் நிலையத்தில் அக்காவோடு வேலை பார்த்த பெண் தொலைபேசியில் அழைத்தாள்.

"எங்க சங்க மலர்ல அக்காவுக்கு ஒரு பக்கம் விட்டிருக்கோம் சார். கவிதை எழுதுவாங்களே, ஒண்ணு குடுங்க. சாயங்காலம் அச்சுக்குப் போயிடும்."

அலமாரியில் ஒரே ஒரு நோட்டு இருந்தது. அதில் ஒரே ஒரு கவிதை, நினைவைப் பற்றியது. அதன் இரண்டு வரிகள் மேல் அவருடைய சிவப்புக் கோடு. பன்னிரண்டு வருடத்துக்கு முன் அக்கா காட்டியபோது போட்டது.

"ஒரே வரி மூணு தடவை வருதேக்கா. ஒண்ணு போதும்."

"உன்கிட்ட காட்டினேன் பாரு, என்னைச் சொல்லணும்!"

சிரித்துக்கொண்டேதான் நோட்டை வாங்கிக்கொண்டாள். மீதிப் பக்கங்கள் எல்லாம் வெறுமையாக இருந்தன.

கோடு போட்டதை விட்டுவிட்டுக் கொடுப்பதா, சேர்த்துக் கொடுப்பதா? பென்சிலால் சீர் பிரித்துப் பார்த்தார்.

*மறந்ததை எல்லாம் மடித்து வைத்தேன்*
*திறந்து பார்த்தால் தினமொன்று குறையும்*

நான்கு நான்கு சீர். எதுகை, மோனை இரண்டும் சரி. குறை சொல்ல ஒன்றுமில்லை என்று நினைத்தார். அவரிடமிருந்து அது பெரிய பாராட்டு.

பிறகு, தான் கோடு போட்ட வரிகளுக்கு வந்தார். நடுவில் 'மறந்ததை எல்லாம் மடித்து.' மூன்றே சீர். கவிதையின் முடிவில் 'மறந்ததை எல்லாம்.' இரண்டு. முதல் சொல்லைப் பார்த்ததுமே அன்று கோடு போட்டிருக்கிறார். தினம் ஒன்று குறையும் என்றவள் வரியிலேயே குறைத்துக் காட்டியிருக்கிறாள்.

சத்தமாகப் படித்தார். கடைசி வரியில் நாக்கு அடுத்த சீரைத் தேடி நின்றது. வீட்டில் வேறு சத்தமில்லை.

தவறாகக் கோடு போட்டு நீக்கியதைத் திரும்பச் சேர்க்க, அச்சகத்தில் அதன் அடியில் புள்ளிகள் வைத்து ஓரத்தில் 'இருக்கட்டும்' என்று எழுதுவார்கள். சிவப்பு மையிலேயே எழுதினார். படம் எடுத்து அனுப்பினார்.

உடனே அழைப்பு வந்தது. "சார், கடைசி வரி பாதியில நிக்குதே, ஏதாவது விட்டுப்போச்சா?"

"இல்லம்மா, அது அப்படித்தான். மெய்ப்பு பாக்குறவன் எவனாவது கைய வச்சிடப் போறான், கொஞ்சம் பாத்துக்குங்க."