கயிறு பிடித்தவர் எழுதிய பரீட்சை

எனக்குக் கோர்வையாக எழுத வராது. நாலாம் வகுப்போடு படிப்பு நின்றது. ஞாபகமும் முன்பின்னாகத்தான் வருகிறது. பொறுத்துக்கொள்ளுங்கள்.

உலகச் சண்டை முடிந்த மறு வருஷம். என் வீட்டுக்காரர் துறைமுகத்தில் மூட்டை ஏற்றுவார். சங்கு குளிக்கும் காலத்தில் தோணியில் போய், மூழ்கிச் சங்கெடுக்கும் குளிகாரருக்குக் கயிறு பிடிப்பார். கடலடியில் இருப்பவர் கயிற்றை அசைத்தால் உடனே மேலே இழுக்க வேண்டும். யோசிக்கக் கூடாது.

சாயங்காலம் பள்ளிக்கூட மைதானத்தில் கூடைப்பந்து நடக்கும். இவருக்கு ஆடத் தெரியாது, கோட்டோரம் நிற்பார். பந்தோடு எவன் ஓரடி கூடுதலாக நடந்தாலும் நடுவருக்கு முன்னால் இவருக்குத் தெரிந்துவிடும். தானும் நடுவராக விசில் பிடிக்க ஆசை. அதற்கு எழுத்துப் பரீட்சை உண்டு. டிரில் மாஸ்டர் விதிகளைத் தமிழில் எழுதிக் கொடுத்தார். ராத்திரி இவர் மூட்டை தூக்கிய அசதியில் படுத்திருப்பார்; நான் எழுத்துக்கூட்டி வாசிக்க, கேட்டுப் பாடம் பண்ணினார்.

ஒரே கேள்வியில் தோற்றார். ஆட்டக்காரன் அடிபட்டு விழுந்தால் நடுவர் என்ன செய்ய வேண்டும்? பந்து எதிர்க்கட்சியிடம் இருந்தால், அவர்கள் கூடைக்கு எறிந்து முடிக்கும்வரை பொறுக்க வேண்டுமாம். இவர், ‘உடனே ஊதித் தூக்க வேண்டும்’ என்று எழுதியிருந்தார்.

“அண்ணாச்சி, இது மைதானம், கடலில்ல” என்று சிரித்தார் மாஸ்டர்.

“விழுந்தவனுக்கு அது தெரியுமா சார்?” என்றார் இவர்.

அடுத்த பரீட்சைக்கு முந்தின நாள் என்னிடம் கேட்டார். “ஏளா, அந்தக் கேள்வி வந்தா என்னத்த எழுத?”

“புஸ்தகத்துல உள்ளத எழுதுங்க.”

“மனசுல உள்ளது?”

“அது உங்ககிட்டயே இருக்கட்டும்.”

அப்படியே எழுதிப் பாஸானார்.

முதல் ஆட்டத்தில் ஒரு தப்பும் இவர் கண்ணுக்குத் தப்பவில்லை. சுவரோரம் நின்று பார்த்த எனக்கே பெருமையாக இருந்தது. கடைசியில் ஒருத்தன் முழங்கால் அடிபட்டு விழுந்தான். பந்து எதிர்க்கட்சிக்காரன் கையில், கூடைக்கு நேர் கீழே. இவர் ஊதிவிட்டார். அதற்குப் பிறகு கூடைக்குள் விழுந்த பந்து கணக்கில் சேரவில்லை.

“ஏலே, இவருக்கு விசில் குடுத்தது யாருலே?” என்று கூட்டத்தில் ஒருத்தன் கத்தினான்.

“கயித்த விடும், அண்ணாச்சி!”

மாஸ்டர் வந்தார். “இதத்தான சரியா எழுதியிருந்தீரு?”

“எழுதினது ஞாபகம் வந்துச்சு சார். ஊதினப்புறம் வந்துச்சு.”

விசிலை மறுபடி தரவில்லை. மேசையில் உட்கார்ந்து நேரம் பார்க்கச் சொன்னார்கள். இவர் அதற்குப் போகாமல் பழையபடி கோட்டோரமே நின்றுகொண்டார். தோற்ற தாளில் இருந்தவர்தான் அவர். பாஸான தாளில் நான்தான் இருந்தேன்.

அந்த நாளில் விதி அப்படித்தான் இருந்ததா என்று எனக்கு இப்போது நிச்சயமில்லை. விளையாட்டு தெரிந்தவர்கள் யாராவது பார்த்துச் சொல்லுங்கள். உடனே ஊதலாம் என்று எங்காவது இருந்தால், அதை எனக்குக் கட்டாயம் சொல்ல வேண்டும்.