இரண்டு மஞ்சள் கோடுகளும் நடுவே ஒரு பச்சையும்

என் மேசைக் கண்ணாடிக்கு அடியில் பல வருஷமாக ஒரு படம் கிடக்கிறது. பூதலூர்ப் பக்கத்தில் ஓர் உளுந்து வயலை ட்ரோன் மேலிருந்து எடுத்த படம். சம்பா அறுத்த தாளுக்குள் மீதி ஈரத்தைக் குடித்து வளர்ந்து, மாசிக் கடைசியில் லேசாக வெளுக்கத் தொடங்கியிருந்த உளுந்து. அதன் குறுக்கே இரண்டு மஞ்சள் கோடுகள் தண்டவாளம் மாதிரி ஓடுகின்றன. அவற்றுக்கு நடுவில் ஒரு பட்டை மட்டும் கரும்பச்சை. அது என் அத்தானின் வயல், அக்கா வீட்டுக்காரருடையது.

மண்ணுக்குள் புதைந்த பழைய கட்டடங்களை இப்படிப்பட்ட படங்களில் தேடுவதுதான் என் பிழைப்பு. அடியில் செங்கல் சுவர் இருந்தால் செடிக்கு வேர் இறங்காது, அதுதான் முதலில் காயும். பள்ளம் தூர்ந்த இடமாக இருந்தால் ஈரம் நிற்கும், அங்கே கடைசிவரை பச்சை. தண்ணீர் கட்டி வளர்க்கிற நெல் இதையெல்லாம் காட்டிக்கொடுக்காது, உளுந்து காட்டிக்கொடுத்துவிடும். இருகரையிலும் செங்கல் கட்டிய பழைய வாய்க்கால் ஒன்று தூர்ந்துபோய் அந்த வயலுக்கு அடியில் கிடந்தது. அலுவலகத்தில் எல்லோருக்கும் சந்தோஷம், எனக்கு மட்டும் இல்லை. வீடு கட்டுவதற்கு அத்தான் கயிறு பிடித்திருந்தது அந்தப் பச்சையின் மேல்தான்.

அத்தான் வாலிபம் முழுவதையும் சிங்கப்பூர்க் கப்பல் பட்டறையில் கழித்துவிட்டு வந்து வாங்கிய நிலம் அது. அவருடைய அம்மா கூலிக்கு நாற்று நட்ட வயல். டவுனில் எத்தனையோ மனை காட்டினார்கள், அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. படத்தை நீட்டினேன். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு பார்த்தார்.

"மேலேருந்து பாக்குறவளுக்கு எல்லாம் கோடாத்தான் தெரியும். கீழ நிக்கிறவனுக்கு இது மண்ணும்மா."

"கொஞ்சம் தள்ளிக் கட்டுங்க அத்தான். அந்த எடம் எறங்கிடும்."

"தள்ளுனா பள்ளம். ஐப்பசி மழைக்கு ஒங்க அக்காவ படகுல போவச் சொல்றியா?"

அவர் சொன்னதும் பொய்யில்லை. வயலிலேயே மேடு அது ஒன்றுதான். நாலு பக்கமும் பாய்ச்ச வேண்டிய வாய்க்காலை மேட்டில்தான் வெட்டுவார்கள் என்று சொல்லிப் பார்த்தேன். அவர் காதில் ஏறவில்லை.

அஸ்திவாரத்துக்கு வானம் தோண்டிய அன்று அவரே போன் செய்தார். குரலில் அவ்வளவு உற்சாகம். "நீ சொன்னது வாஸ்தவந்தான். ஒரு ஓரத்துல அகல அகலமா செங்கல் சுவர், கடப்பாரைக்கு அசையல. எனக்குன்னு எவனோ அஸ்திவாரம் போட்டு வச்சிருக்கான்."

அடித்துப்பிடித்துப் போய்ச் சேர்ந்தேன். கொத்தனார் பழைய சுவரின் மேல் கற்பூரம் ஏற்றிக் கும்பிட்டுவிட்டு, அதன் மேலேயே புதுச் சுவரை எழுப்பத் தொடங்கியிருந்தார். எதிர்ப்பக்கச் சுவருக்கு, தூர்ந்த வண்டலில் குழி. ஒரு பக்கம் அசையாது, மறுபக்கம் இறங்கிக்கொண்டே இருக்கும், வீடு நடுவில் பிளக்கும் என்று வாய் வலிக்கச் சொன்னேன். நான் சொன்னது நிஜமாகிவிட்டதே எனக்கு எதிராகப் போயிற்று. அத்தான் சிரித்துக்கொண்டே எனக்கு இளநீர் வெட்டிக் கொடுத்தார். அவர்மேல் எனக்கு அன்று வந்த கோபம் மாதிரி வேறு யார்மேலும் வந்ததில்லை.

குடிபோன வருஷம், ஆற்றில் தண்ணீர் வந்து அடி வண்டல் ஊறிய கொஞ்ச நாளில், கூடத்துச் சுவரில் தலைமுடி மாதிரி ஒரு விரிசல் தெரிந்தது. அத்தான் பூசி, அதே நிறத்தில் வர்ணம் அடித்தார். மறுவருஷமும் அடித்தார். கதவு நிலையில் இடித்தால் இழைத்துவிடுவார். நான் வருகிற நாட்களில் காலண்டர் இடம் மாறித் தொங்கும். விரிசல் காலண்டரைத் தாண்டியதும் அவருடைய அம்மா படம் அங்கே வந்தது. எதைத் தூக்கிப் பார்க்கக் கூடாது என்பது எங்கள் இருவருக்கும் தெரிந்திருந்தது.

போன வருஷம் அத்தான் மாரடைப்பில் போய்விட்டார். இப்போது அந்த இடத்தில் மாலை போட்ட அவர் படம் தொங்குகிறது. விரிசல் படத்துக்கு மேலே உத்தரத்தைத் தொட்டுவிட்டது, கீழே தரையில் இறங்கி வாசல்வரை போகிறது. நான் கூட்டிப்போன இன்ஜினியர் விரலை உள்ளே விட்டுப் பார்த்தார். ஆற்றில் அடுத்த தண்ணீர் வருவதற்குள் காலி செய்துவிடுங்கள் என்றார். அக்கா அவருக்குக் காபி கொடுத்து அனுப்பிவிட்டு என்னிடம் திரும்பினாள். "அவரு கட்டுன வீட்ட விட்டுட்டு நான் எங்கடி போறது? அவரு தாங்கிப் புடிச்சிருக்காரு." சுவரில் இருந்த படத்தைத்தான் சொன்னாள்.

இந்த மாசியிலும் அந்தப் பக்கம் ட்ரோன் பறக்கவிட்டோம். புதுப் படத்தைப் பழையதன் பக்கத்தில் வைத்திருக்கிறேன். அதே வெளுத்த உளுந்து, அதே மஞ்சள் கோடுகள். பச்சை வீட்டின் கொல்லைப்புறமாக உள்ளே போய் வாசல்புறமாக வெளியே வருகிறது. நடுவில் மொட்டைமாடியில் அக்கா நிற்கிறாள். வடாம் காயவைக்க வந்தவள், சத்தம் கேட்டு, கண்ணுக்கு மேல் கையை வைத்து அண்ணாந்து பார்க்கிறாள்.

அன்றைக்கே போன் செய்தாள்.

"மேல பறந்தது நீதானடி? நம்ம வீடு நல்லாத் தெரியுதா?"

"நல்லாவே தெரியுதுக்கா" என்றேன்.